சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதில் அப்படி என்ன சந்தோஷம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற ஆசிரியை நான். பயிற்சி முடித்துவிட்டு எந்த வகுப்பைக் கேட்டு வாங்கலாம் என்று யோசிப்பவர்கள், பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர், "இன்னுமா ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கிறாய்?" என்று விசாரிக்கும் சொந்தக்காரர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பதில்கள் ஒரே அளவில் இருக்காது. சிலவற்றுக்கு நாலு வரி போதும், சிலவற்றைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

வருஷா வருஷம் அதே அ, ஆ, அதே ஒன்று, இரண்டு. சலிக்கவில்லையா?

இல்லை. எழுத்து அதேதான், ஆனால் அதைப் பிடிக்கிற பிள்ளை வேறு, பிடிக்கிற விதமும் வேறு.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? விரல் எழுத்துக்கு அடியில் இருக்கும், உதடு அசையும். "ப... ட்... ட... ம்" என்று தனித்தனியாகத்தான் வரும், நாலு சத்தத்துக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இருக்காது. மறுபடியும் சொல்லும், இந்த முறை கொஞ்சம் வேகமாக. மூன்றாவது முறை சொல்லும்போது விரல் நின்றுவிடும், தலை நிமிரும், "பட்டம்! டீச்சர், பட்டம்!" நாம் சொல்லிக் கொடுத்த ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்வதற்கும், தாளில் இருக்கும் கோடுகளிலிருந்து ஒரு சொல்லைத் தானே வெளியே எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த முகத்தில் தெரியும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளையை நிறுத்த முடியாது. அறிவிப்புப் பலகை, அடுத்தவன் நோட்டின் அட்டை, கதவில் ஒட்டியிருக்கும் கிழிந்த தாள் எல்லாவற்றையும் படித்துக்கொண்டே வரும்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் திறந்தபோது அங்கே நடந்ததும் இதே மாதிரிதான். எழுதத் தெரிந்துவிட்டது என்பது ஒருநாள் திடீரென்று பிள்ளைகளுக்கே பிடிபட, தரையில், கதவில் என்று கண்ட இடத்திலெல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் ரொட்டியின் மேல்கூட எழுதினார்களாம். அதைக் காப்பாற்றுவதற்காகவே அம்மாக்கள் தாளும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பிள்ளைகள் மாறவில்லை.

இந்த வேலையில் உங்களுக்கு மிகப் பெரிய சந்தோஷம் எது?

பிள்ளை யோசிப்பதைப் பார்ப்பது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அதைப் பார்க்க வேண்டுமென்றால் நாம் சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் 1 நொடிதான் இருந்தது. அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, பேசாதவர்களும் பேசினார்கள், பதிலே வராமல் போவது குறைந்தது. மூன்று நொடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். வகுப்பு முன்னால் நின்று, வாயைத் திறக்காமல், எந்தப் பிள்ளையையும் அவசரப்படுத்தாமல் நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இரண்டாம் வகுப்பில் எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டேன். பல கைகள் உடனே மேலே வந்தன. நான் யாரையும் கூப்பிடவில்லை. பின் வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்காமல் மேசைக்கு அடியில் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனைக் கேட்டதும் "பதிமூணு" என்றான். "எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றேன். "அஞ்சுலேர்ந்து ரெண்டை எடுத்து எட்டுக்குக் குடுத்துட்டேன் டீச்சர், அது பத்தாயிடுச்சு, மிச்சம் மூணு இருக்கு, அதான்." இதை நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. முதல் கையைக் கூப்பிட்டிருந்தால் பதிமூன்று என்ற விடை கிடைத்திருக்கும், இது கிடைத்திருக்காது. அன்று முழுக்க எனக்கு அந்தப் பத்துதான் மனதில் இருந்தது. அடுத்த நாள் அவன் வழியைக் கரும்பலகையில் எழுதி, "இது இவன் வழி" என்று சொல்லித்தான் கூட்டல் நடத்தினேன்.

தப்பான விடைகளைத் திருத்தித் திருத்தியே களைத்துவிட மாட்டீர்களா?

சின்னப் பிள்ளைகளின் தப்பு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கவனக்குறைவால் வருகிற தப்பு குறைவு. பெரும்பாலான தப்புக்குப் பின்னால் அந்தப் பிள்ளை தானாகப் போட்டுக்கொண்ட ஒரு கணக்கு இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் திருத்துவது சுலபம்.

இருபத்தைந்து என்று எழுதச் சொன்னால் 205 என்று எழுதுவார்கள். இருபது எழுதி, பக்கத்தில் ஐந்து எழுதியாயிற்று, காதில் விழுந்தது அப்படித்தானே? 42இல் 17 போனால் 35 என்பார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருப்பார்கள், நான்கிலிருந்து ஒன்றைக் கழித்திருப்பார்கள். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண் போகும் என்று நாமே சொல்லிக் கொடுத்ததை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்திப் பத்து" என்று சொல்லும் பிள்ளையைக் கண்டால் எனக்குக் கட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். அப்படி ஒரு சொல்லை யாரும் அதற்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எண்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை அது தானே பிடித்துக்கொண்டுவிட்டது, முப்பது மட்டும்தான் பாக்கி.

எழுத்திலும் இப்படித்தான். "செடி" என்று எழுதச் சொன்னால் முதலில் ச போட்டு அதற்குப் பின்னால் கொம்பு போடும் பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். யோசித்துப் பாருங்கள், வாயில் முதலில் வருவது ச்-தான், எ அதற்கு அப்புறம்தான். கேட்கிற வரிசையில் எழுதினால் கொம்பு பின்னால்தானே வர வேண்டும்? காதால் எழுதும் பிள்ளை அது. "நீ கேட்டது சரிதான், ஆனா கொம்பு மட்டும் முன்னாடி போய் நிக்கும்" என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் 3, 7 எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்பது. பெற்றோர் இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். ஆறேழு வயது வரை இது சகஜம். ஒரு நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது நாற்காலிதான் என்று பிறந்ததிலிருந்து கற்றுக்கொண்ட மூளை அது. எழுத்தும் எண்ணும் மட்டும்தான் பக்கம் மாறினால் தப்பாகிவிடுகின்றன. அந்தப் புது விதி படிய நாள் பிடிக்கும். இரண்டாம் வகுப்பு தாண்டியும் குறையவே இல்லை, படிப்பதிலும் சிரமம் இருக்கிறது என்றால் அப்போது கவனித்துப் பார்க்கச் சொல்லலாம்.

பிள்ளைகளின் யோசனை மாறுவது நிஜமாகவே கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டும் சமம்தானே என்று பிள்ளையிடம் கேட்டு ஒப்புக்கொள்ள வையுங்கள். இப்போது அதன் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீரை உயரமான, ஒல்லியான டம்ளருக்கு மாற்றுங்கள். எதில் அதிகம் என்று கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை யோசிக்காமல் உயரமானதைக் காட்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே செய்து பார்த்த சோதனை இது, ஏழு வயது வாக்கில் பதில் மாறுகிறது என்று அவர் சொன்னார்.

ஒன்றாம் வகுப்பில் வருஷத் தொடக்கத்திலும் கடைசியிலும் இதைச் செய்து பார்ப்பேன். தொடக்கத்தில் "இதுலதான் நிறைய" என்று அடித்துச் சொன்ன பிள்ளை, கடைசியில் "ஊத்தினது அதே தண்ணிதானே டீச்சர்!" என்று, இதைப் போய்க் கேட்கிறீர்களே என்கிற மாதிரி என்னைப் பார்க்கும். முன்னால் வேறு பதில் சொன்னது அதற்கு ஞாபகமே இருக்காது. இதை நான் சொல்லித் தரவில்லை, சொன்னாலும் அந்த வயதில் ஏறாது. வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்ததே எனக்குப் பெரிய விஷயம்.

எப்போதும் சத்தமாக இருக்குமே, தலை வலிக்காதா?

சில நாள் வலிக்கும். ஆனால் எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. வேலை செய்யும்போது பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே பேசிக்கொள்வார்கள். "இங்க ஒரு கோடு, அப்புறம் இப்படி வளைச்சு, ஐயோ போச்சு, அழிக்கணும்." யாரையும் பார்த்துப் பேசுவதில்லை, யாரும் கேட்கவும் தேவையில்லை. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி இந்தப் பேச்சைத்தான், பிள்ளை தன் வேலையைத் தானே நடத்திக்கொள்ளும் வழி என்று சொன்னார். நாளாக நாளாக அது முணுமுணுப்பாகி, பிறகு உள்ளுக்குள் போய்விடுகிறது. பெரியவர்களான நமக்கு மனதுக்குள் ஓடுகிற யோசனையை இவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டபின் "பேசாதே" என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டேன், மேசைகளுக்கு நடுவில் மெதுவாக நடந்து காது கொடுப்பதைக் கூட்டிக்கொண்டேன்.

கையெழுத்து இவ்வளவு மோசமாக இருக்கிறதே, அதிலும் சந்தோஷமா?

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு, ஒவ்வொன்றாக வருஷக்கணக்கில் கெட்டிப்படுகின்றன, ஆறு வயதில் இன்னும் எல்லாம் முடிந்திருக்காது. விரல் தசைகளும் பழகிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கையை வைத்துக்கொண்டு மூன்று சுழி ண-வை இரண்டு கோட்டுக்குள் அடக்கச் சொல்கிறோம். முதல் சுழி பெரிதாக வந்துவிடும், இரண்டாவது இடமில்லாமல் நசுங்கும், மூன்றாவது பக்கத்து எழுத்தின் மேல் ஏறும். அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்திருக்கும். அந்த ஓட்டையைச் சுற்றி மறுபடி எழுதியிருக்கும் பாருங்கள், அந்தப் பக்கத்துக்கு நான் எப்போதும் நட்சத்திரம் போடுவேன். அழகான பக்கத்துக்குப் போடாவிட்டாலும் இதற்குப் போடுவேன்.

பல் விழுவது அவ்வளவு பெரிய நிகழ்ச்சியா?

ஒன்றாம் வகுப்பில் அதைவிடப் பெரிய நிகழ்ச்சி கிடையாது. பால் பற்கள் 20, ஆறு வயது சுமாருக்கு முன்பற்கள் ஆட ஆரம்பிக்கும். பாடத்தின் நடுவில் ஒரு பிள்ளை எழுந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினால், அத்தோடு பாடம் நின்றுவிடும், எல்லாரும் வந்து பார்த்தாக வேண்டும். நான் அந்தச் சமயத்தில் யாருக்கு எத்தனை விழுந்தது என்று கரும்பலகையில் கட்டம் போட்டுவிடுவேன். வரைபடம் பாடம் முடிந்தது.

ஓயாமல் ஒருவரையொருவர் குறை சொல்வார்களே?

"டீச்சர், இவன் என்னையே பாக்குறான்!" என்பது கூட ஒரு புகார்தான். நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டால் கிடைக்கும் என்று முழுதாக நம்புகிற வயது அது. அதனால் எவ்வளவு சின்னப் புகாராக இருந்தாலும் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன். முக்கால்வாசி நேரம் சொல்லி முடித்ததும் போதுமென்று போய்விடுவார்கள், ஐந்து நிமிஷத்தில் இருவரும் ஒரே ரப்பரைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பதில் தெரியாத கேள்வி கேட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்?

"தெரியலையே, பார்த்துடலாமா?" என்பேன். பதில் தெரிந்தாலும் பல நேரம் அப்படித்தான் சொல்வேன்.

"என் நிழல் ஏன் சில நேரம் குட்டையாயிடுது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அன்று காலையிலேயே எல்லாரையும் வெளியே கூட்டிப்போய் ஜோடி ஜோடியாக நிறுத்தினேன். ஒருவர் நிற்க, மற்றவர் நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். மதியம் மறுபடி அதே இடத்தில், பாதத்தின் கோட்டிலேயே பாதத்தை வைத்து நிற்கச் சொன்னேன். நிழல் கோட்டுக்குள் அடங்கவில்லை, பக்கம் மாறி, சுருங்கிக் காலடியில் கிடந்தது. "யாரோ நகர்த்திட்டாங்க" என்றது ஒன்று. "நீ வளந்தா நிழலும் வளரணும்ல?" என்றது இன்னொன்று. கடைசியில் ஒரு பெண் பிள்ளை தலையைத் தூக்கி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "சூரியன்தான் மேல ஏறிடுச்சு" என்றாள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

எண்ணைப் பற்றியும் கேட்பார்கள். கடைசி எண் எது என்று மூன்றாம் வகுப்பில் ஒருமுறை பெரிய வாக்குவாதம் நடந்தது. ஆளுக்கொரு கோடி சொல்லிக்கொண்டே போனார்கள். "எதைச் சொன்னாலும் அதோட ஒண்ணு கூட்டிடலாமே" என்று ஒரு பையன் சொன்னதும் வகுப்பே ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. முடிவில்லாதது என்று ஒன்று இருக்கிறது என்பதை அந்த மதியம் அத்தனை பேரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள்.

பேசவே பேசாத, மெதுவாகப் படிக்கிற பிள்ளைகள்?

அவர்களிடம்தான் அதிகம் காத்திருக்க வேண்டும், கிடைப்பதும் அங்கேதான் அதிகம். ஒரு பெண் பிள்ளை சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. பென்சில் முனை உடைந்தால் என் மேசையில் கொண்டுவந்து வைப்பாள், நான் சீவிக் கொடுப்பேன், எடுத்துக்கொண்டு போவாள். நானும் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. சும்மா, சீவும்போது எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

இந்த வயதில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் இல்லையா, அப்படி ஒரு கதைப் புத்தகம் எங்கள் வகுப்பில் தாள் நைந்து போகும் அளவுக்கு ஓடியது. ஒருநாள் படிக்கும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் தவறிவிட்டது. "யானை தூங்குற பக்கத்தை விட்டுட்டீங்க" என்று ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தால் அவள்தான். மற்ற பிள்ளைகள் "டீச்சர், அவ பேசிட்டா!" என்று கத்த ஆரம்பித்தார்கள். நான் அதைப் பெரிதாக்காமல் "ஆமாம்ல" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பி யானையைத் தூங்க வைத்தேன். அடுத்த நாளிலிருந்து வளவளவென்று பேசவில்லை, ஆனால் கதை நேரத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், பக்கம் புரட்டுவது அவள் வேலையாயிற்று.

பிள்ளைகள் உங்கள் மேல் வைக்கும் பாசம்தானே உண்மையான சந்தோஷம்?

பாசம் இனிப்பானதுதான். தவறிப்போய் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வது, நம் படம் என்று வரைந்து தலையைவிடக் கையைப் பெரிதாக வைப்பது, இதெல்லாம் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அதை நம்பி இந்த வேலைக்கு வர வேண்டாம் என்பேன். அடுத்த வருஷம் அடுத்த டீச்சர்தான் உலகத்திலேயே சிறந்த டீச்சர் ஆகிவிடுவார், அப்படி ஆவதுதான் நல்லது. பாசத்துக்காகப் பாடம் எடுக்கிறவர் நம்மிடம் ஒட்டாத பிள்ளையிடம் தெரியாமலேயே தள்ளி நிற்க ஆரம்பித்துவிடுவார், அந்தப் பிள்ளைக்கும் படிக்க வேண்டுமே.

மோசமான நாளே இல்லையா?

உண்டு. வகுப்பில் பிள்ளைகள் அதிகம், நிரப்ப வேண்டிய பதிவேடுகள் அதிகம், ஒரு பிள்ளை வீட்டுக் கவலையைச் சுமந்துகொண்டு வந்து நாள் முழுக்க யாரையாவது அடித்துக்கொண்டிருக்கும். சந்தோஷம் இதையெல்லாம் ஈடுகட்டிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அதைச் சாக்காக வைத்து ஆசிரியர்கள் தலையில் வேலையை ஏற்றுவது தப்பு. பிள்ளைகள் யோசிப்பதைக் கவனிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும், குறைவான பிள்ளைகள் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகளை மட்டுமாவது கூர்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டால், சில வாரங்களில் எல்லாரையும் பார்த்துவிடலாம். பார்த்ததை ஒரு வரி எழுதி வையுங்கள், பெற்றோர் வரும்போது சொல்ல நிஜமான விஷயம் கையில் இருக்கும்.

வீட்டில் நாங்களும் இதை அனுபவிக்க முடியுமா?

"இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை"தான் வரும். "எனக்குச் சொல்லிக் கொடு" என்று எதிரில் உட்காருங்கள். நீங்கள் மாணவர், பிள்ளை டீச்சர். வகுப்பில் நான் எப்படிப் பேசுகிறேன், எப்படி நிற்கிறேன் என்பது வரை எல்லாம் வெளியே வரும்.

புதிதாக ஒன்றாம் வகுப்புக்குப் போகிறேன். முதல் வாரம் என்ன செய்வது?

பெயர்கள். முதல் நாளே எல்லாப் பெயரையும், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி சரியான உச்சரிப்போடு கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயரையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, தினமும் காலையில் தரையில் பரப்பி வையுங்கள், அவரவர் அட்டையை அவரவர் தேடி எடுத்து வருகைப் பலகையில் மாட்டட்டும். பிள்ளைக்கு முதலில் படிக்க ஆசை வருவது தன் பெயரைத்தான். சில நாளில் பக்கத்துப் பிள்ளையின் பெயரும் தெரிந்துவிடும், "இவ பேர்லயும் என் பேர்லயும் ஒரே எழுத்து இருக்கு" என்று ஒன்று கண்டுபிடிக்கும், அங்கிருந்தே எழுத்துப் பாடத்தை ஆரம்பித்துவிடலாம். அட்டைகள் சீக்கிரம் கசங்கும், கெட்டித் தாளாக வாங்கிக்கொள்ளுங்கள்.